அரைச்சதுர முக்கோணமும் ஒரு பழைய போர்வையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில டெய்லரா இருந்தாங்க. கட்டிங்ல விழற துண்டுத் துணியைக் கிலோ கணக்குல வாங்கிட்டு வந்து, கள்ளிக்குப்பம் வீட்டுல ராத்திரி உட்கார்ந்து போர்வை தைப்பாங்க. ஏழாவது படிக்கறப்போ ஏற்காடு டூருக்கு அதுல ஒண்ணைக் கொடுத்தனுப்பினாங்க. பஸ்ஸுல பிரிச்சதும் ஒருத்தன், "என்னடா, பிச்சைக்காரன் போர்வையா?"ன்னான். மடிச்சு பைக்குள்ள வெச்சவன்தான், விடிய விடிய குளிர்ல நடுங்கினேனே தவிர திரும்ப எடுக்கல.

அந்தப் போர்வை முழுக்க ஒரே கட்டம்தான். ஒரு சதுரம், அதுல மூலைக்கு மூலை ஒரு கோடு, பாதி அடர் கலர், பாதி வெளிர் கலர். குவில்ட் தைக்கிறவங்க இதை அரைச்சதுர முக்கோணம்னு சொல்றாங்க. அதுக்கு எவ்வளவு பெரிய சரித்திரம் இருக்குன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

1704-ல செபாஸ்டியன் ட்ரூஷேன்னு ஒரு பிரெஞ்சுத் துறவி இந்தக் கட்டத்தைப் பத்தியே ஒரு கட்டுரை எழுதினார். ஓர்லேயான் கால்வாயைப் பார்வையிடப் போனவர் கண்ணுல, ஒரு மாளிகைல தேவாலயத் தரைக்காக வெச்சிருந்த ஓடுகள் பட்டுது. ஒவ்வொண்ணும் மூலைக்கு மூலை ரெண்டு கலராப் பிரிஞ்சிருந்துது. மனுஷன் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். ஒரு ஓட்டை நாலு விதமாத் திருப்பலாம். ரெண்டு ஓட்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா 64 வகை வருது. ஒரே மாதிரி இருக்கறதைச் சேர்த்தா கடைசியா 10 உருவம்.

நாலு கட்டத்தை ரெண்டுக்கு ரெண்டா வெச்சா 256 வகை. அடர் கலரை ஒரே சுத்துல திருப்பினா காத்தாடி. நாலு அடர் முனையையும் நடுவுல கூட்டினா வைரம். ரெண்டு ரெண்டாச் சேர்த்து அடுக்கினா வரிசையாப் பறக்கிற வாத்துக் கூட்டம். அமெரிக்காக்காரங்க இதுக்கெல்லாம் பின்வீல், ஃப்ளையிங் கீஸ், ப்ரோக்கன் டிஷஸ்னு பேரே வெச்சிருக்காங்க. பதினாறு கட்டம்னா? 429 கோடிக்கு மேல! :-)

தைக்கிறதுல ஒரு சூட்சுமம் உண்டு. முக்கோணமா முதல்லயே வெட்டிட்டா அந்தச் சாய்வு ஓரம் கிராஸா வரும், இழுத்தா நீளும், கட்டம் கோணிக்கும். அதனால ரெண்டு சதுரத்தை நல்ல பக்கம் உள்ள இருக்கற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைச்சு, அப்புறம்தான் கோட்டுல வெட்டணும். ஒரே தடவைல ரெண்டு கட்டம் கிடைக்கும். அம்மாவும் இப்படித்தான் செஞ்சாங்க. அவங்க ட்ரூஷேயும் படிச்சதில்ல, அமெரிக்கப் புத்தகமும் பார்த்ததில்ல.

சரி, துண்டுத் துணின்னா நமக்கு ஏன் கேவலம்? தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குத் தொங்கவிடற தொம்பையும் கலர் துணியை வெட்டி இன்னொரு துணி மேல வெச்சுத் தைக்கிற வேலைதானே? சாமி தேர்ல தொங்கினா கன்னத்துல போட்டுக்கறோம். மனுஷன் போர்த்தினா மட்டும் வறுமை.

கர்நாடகாவுல எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்திகள்னு ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்காங்க. போர்ச்சுகீசியர் காலத்துல அடிமைகளா கோவாவுக்குக் கொண்டு வரப்பட்டவங்களோட சந்ததிகள் அதுல நிறைய பேர். அந்தப் பெண்கள் பழைய துணில தைக்கிற போர்வைக்கு கவந்தின்னு பேரு. ஓரத்துல ஆரம்பிச்சு சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. நாலு மூலைலயும் துணியை மடிச்சு முனை வெச்சுத் தைக்கிறது 'ஃபூலா', அதாவது பூ. பூ இல்லாத போர்வை முழுமை இல்லைங்கறது அவங்க கணக்கு. கந்தலுக்கும் ஒரு பூ வெக்கணும்னு நினைச்ச மனசைப் பாருங்க.

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அங்கேயும் அடிமைகளோட சந்ததிகள்தான். வயல்ல உழைச்சுக் கிழிஞ்ச உடுப்புகளை வெட்டி, குளிருக்காகத் தைச்ச போர்வைகள் 2002-ல ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவர்ல ஏறிச்சு, அப்புறம் நியூயார்க் போச்சு. 2006-ல அமெரிக்க அஞ்சல் துறை அதுங்க படம் போட்டு ஸ்டாம்பே வெளியிட்டுது. அதே கந்தல்தான், பார்க்கிற கண்ணு மாறிடுச்சு. 2019 ஜனவரில நம்ம சென்னைலயே குவில்ட் திருவிழா நடந்துது.

அம்மாவோட போர்வை என்னாச்சுன்னு கேக்கறீங்களா? அயர்ன் பண்ற மேஜைக்கு விரிப்பா கொஞ்ச நாள் இருந்துது. அப்புறம் யார் எடுத்தாங்க, எங்க போச்சுன்னு தெரியல. தேடினவன் நான் ஒருத்தன்தான், அதுவும் லேட்டா.

அந்த ஸ்டாம்ப் படத்தை அம்மாகிட்ட காட்டினேன். ஏற்காடு கதையையும் அன்னிக்குத்தான் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"முனை சரியாச் சேரலையேடா. ஆனா கலர் நல்லாருக்கு."

கொஞ்சம் விட்டு, "குளிர்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு போர்வையா கொடுத்திருப்பேன்"னாங்க.

டிஸ்கி: பழைய காலண்டர் அட்டைல பதினாறு சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை பாதி கலர் அடிச்சு, திருப்பித் திருப்பி வெச்சுப் பாருங்க. ஒரு ஞாயித்துக்கிழமை போறதே தெரியாது.