தொழுவத்து வாசலில் ஒரு குடம்

அண்ணனூர் என்றதும் இன்று பலருக்கு மின்சார ரயில் பணிமனைதான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தொழுவமும், அதன் வாசலில் பாட்டி வைத்திருந்த ஒரு குடம் தண்ணீரும்தான்.

என் சிறு பிராயத்தில் எங்கள் சிவலைப் பசுவுக்கு வெக்கை நோய் கண்டது. வாயெல்லாம் புண், கண்ணில் ஓயாமல் நீர், பிறகு கழிச்சல். பாட்டி ஒருத்திதான் அதனிடம் போவாள். வெளியே வந்ததும் கைகால் கழுவி, புடைவை மாற்றிய பிறகே வேறு வேலை. ஒரு நாள் நான் மாட்டைத் தடவிவிட்டு அப்படியே எதிர்வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். பிடித்துக்கொண்டாள்.

"இந்த நோவு மனுசனுக்கு ஒட்டாதுன்னு நீதானே சொன்னே பாட்டி?"

"உனக்கு ஒட்டாதுடா. உன் கால்லே ஏறிக்கிட்டு எதிர்வீட்டு மாட்டுக்குப் போவும்."

சிவலை பிழைக்கவில்லை. எதிர்வீட்டுப் பசு பிழைத்தது. அது குடத்தின் மகிமையா, அதிர்ஷ்டமா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் குடத்தைப் பிற்காலத்தில் சரித்திரத்திலும் சந்தித்தேன்.

கால்நடை நோய்களை ஆராய 1889இல் புனாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். நோய்க் கிருமிகளை ஊர் நடுவே வைத்திருப்பது ஆபத்து என்று கண்டு, 1893இல் அதை இமயமலைச் சாரலில், சுமார் 7,500 அடி உயரத்திலுள்ள முக்தேசுவரத்துக்குக் கொண்டு போனார்கள். தூரமும் காடுமே அன்றைய மதில்கள். நம் பக்கத்தில் 1932இல் ராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிலையம் எழுந்தது. 1954இல் வெக்கையை ஒழிக்கத் தேசியத் திட்டம் பிறந்தது. இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல் நம் வட ஆற்காட்டுப் பக்கத்தில்தான் தென்பட்டது. 2011இல் உலகிலேயே அந்நோய் இல்லை என்று அறிவித்தார்கள். மனிதன் பூண்டோடு ஒழித்த நோய்கள் இரண்டே: பெரியம்மை ஒன்று, வெக்கை மற்றொன்று.

ஒழிந்த பிறகும் அதன் கிருமி சில ஆராய்ச்சிக்கூடங்களின் உறைபெட்டிகளில் உறங்குகிறது. இனி அது வெளியே வந்தால், அநேகமாக ஆராய்ச்சிக்கூடத்துக் கதவு வழியாகத்தான் வரவேண்டும்!

மற்ற கொடிய நோய்களுக்காகப் போபாலில் ஓர் உயர் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. 2006இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் கோழிகள் மடிந்தபோது, அது பறவைக் காய்ச்சல் என்று கண்டு சொன்னது அதுவே. இப்படிப்பட்ட கூடங்களில் உள்ளே காற்றழுத்தம் குறைவு; ஆகவே காற்று உள்ளே போகுமே தவிர, வடிகட்டாமல் வெளியே வராது. கழிவுநீரையும் கிருமி நீக்கியே விடுவார்கள்.

இருந்தும் மதில் மட்டும் போதாது. 2007இல் இங்கிலாந்தில் பிர்பிரைட் ஆராய்ச்சி வளாகத்திலிருந்து கோமாரிக் கிருமி தப்பி, சுற்றுப்புறப் பண்ணைகளுக்குப் பரவியது. பழுதான கழிவுநீர்க் குழாய்தான் பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது.

ஆகையால்தான் இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் பயிற்சி. சோதனைக் குழாய் உதைக்காது. நோயுற்ற மாடு உதைக்கும், இருமும், சாணம் போடும். அதனிடம் தனியே போகாதே. ஊசியை மறுபடி மூடாதே. கையுறையின் வெளிப்புறம் தோலில் படாமல் கழற்று. தலை முழுகாமல் வெளியே வராதே என்று பழக்குகிறார்கள். உடையை அணிவதைவிடக் கழற்றுவதில்தான் தவறு அதிகம் நேரும் என்பது இந்தப் பயிற்சியின் பாலபாடம். கோமாரிக் கிருமியோடு பழகுகிறவர்கள், குளித்து வெளியேறிய பிறகும் சில நாட்கள் எந்த மாட்டுப் பக்கமும் போகக் கூடாது என்ற விதியும் உண்டு.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்தேன். தன் உயிருக்காகக் கை கழுவுவதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எதிர்வீட்டுப் பசுவுக்காகக் கை கழுவுவதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டிக்குக் கிருமி என்ற சொல்லே தெரியாது. செத்துக்கொண்டிருந்த தன் பசுவுக்காக அழுதுகொண்டே, பிறத்தியார் பசுவுக்காகக் குடத்தை நிரப்பி வைத்தாள்.