புளியும் தோட்டாக் கூடும்

பதுளை டவுனில் இருக்கிற சென் மார்க்ஸ் தேவாலயம் ஒரு யானை வேட்டைக்காரரின் நினைவாகக் கட்டப்பட்டது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ், இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 1,400 யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அந்த எண்ணிக்கையை நம்புறதா இல்லையாங்கிறது வேற கதை. அதைப் பெருமையாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

ரொஜர்ஸ் காலத்துத் துவக்குக்குத் தோட்டாக் கூடே கிடையாது. குழலின் வாய் வழியாக மருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு இடிக்கணும். மருந்து, குண்டு, கேப் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய தோட்டா பரவியது 1860களுக்குப் பிறகுதான். கோப்பி அழிந்து தேயிலை ஏறியதும் ஏறக்குறைய அதே காலம். காகிதக் கூடு மலைநாட்டு ஈரத்தில் ஊதிப்போகும், பித்தளை ஊதாது. அதோட, சுட்ட கூட்டை எறியவும் தேவையில்லை. பழைய கேப்பைத் தட்டி எடுத்து, சுத்தமாக்கி, மறுபடி நிரப்பலாம். தோட்டா சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டிய ஊருக்கு இது சின்ன வசதியா என்ன?

சுத்தமாக்குறதுதான் விஷயமே. கறுப்பு வெடிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துப் பித்தளையை அரிக்கும். அதனால் சுட்ட கையோடு சுடுதண்ணியில் கழுவி, மெல்லிய அமிலத்தில் கொஞ்ச நேரம் போட்டு, திரும்பக் கழுவி, நல்லா காயவைக்கணும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? வெள்ளிக்கிழமை குத்துவிளக்குக்கு எங்க அப்பாயிமார் புளி போட்டுச் செய்ற அதே வேலை! புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் கறுப்பை எடுத்துவிடும். ஆனா ஊறவிட்டா ஆபத்து. பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்தது. அமிலம் நாகத்தைக் கரைத்துவிட்டால் மேலே செம்பு சிவந்து தெரியும், உலோகம் பலமிழக்கும். குடம் என்றால் ஒழுகும். தோட்டா என்றால் சுடுகிறவர் முகத்துக்குப் பக்கத்திலேயே கூடு கிழியும்.

அமோனியா இன்னும் மோசம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தாலே இராணுவத் தோட்டாக்களின் கழுத்து வெடித்தது. யாரும் தொடாமல், பெட்டியில் இருந்தபடியே! பருவத்தோடு வந்ததால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாக்கள் இருந்தது குதிரை லாயங்களில். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்று, கூட்டை நெருக்கி அழுத்தியபோது உள்ளே தங்கிய இறுக்கம், மூன்றும் சேர்ந்துதான் வெடிக்க வைத்தன. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921இல் இதை விளக்கினார்கள். கூட்டை இளஞ்சூட்டில் பதப்படுத்தினால் இறுக்கம் தளரும், வெடிப்பும் நிற்கும். அமோனியா கலந்த பாலிஷைத் தோட்டாக் கூட்டில் தேய்க்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்வது இதனால்தான்.

வேட்டைக்காரர் பெயரைத் தேவாலயத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். துரை பங்களாவில் வெள்ளியும் பித்தளையும் விளக்கினது வேலைக்காரர்கள். உங்க வீட்டில் பங்களா வேலை பார்த்த பெரியவங்க யாராவது இருந்தா இந்த லீவுக்குக் கேட்டுப் பாருங்க: எதை வைத்து விளக்கினாங்க, புளியா, சாம்பலா? துவக்குச் சாமான் எதுவும் அவங்க கைக்கு வந்ததா? பதிலை எங்களுக்கு எழுதி அனுப்புங்க, சேர்த்துப் போடுகிறோம்.