நானுஓயாவில் குளிர்: பனிக்கட்டி முதல் உறைபெட்டி வரை

குளிர்நாடு எனப் பெயர்பெற்ற நுவரெலியாப் பிரதேசத்திலே குளிரூட்டும் பொறிக்கு வேலை யாது என்னும் வினா எவர்க்கும் எளிதில் எழக்கூடியது. கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே அமைந்த நானுஓயாவில் தை, மாசி மாதத்து இரவுகளிலே கம்பளியின்றி உறங்குதல் அரிது. அண்மையிலுள்ள நுவரெலியாவின் புல்வெளிகளில் அதிகாலையில் உறைபனி படிவதுமுண்டு. அவ்வாறிருந்தும், மலையகத்துச் சிறுகடைகளிலே காசுமேசைக்கு அடியிற் பொருந்தும் உறைபெட்டி இன்றியமையாத பொருளாகிவிட்டது. கடைக்காரர் இதனைப் 'பிரீசர்' என்றே வழங்குவர். இப்பெட்டி மலைமேல் வந்து சேர்ந்த வரலாற்றை நோக்குமிடத்து, அது பொறியின் வரலாறு மட்டுமன்று, மின்சாரம் யாருக்கு முந்தியும் யாருக்குப் பிந்தியும் கிடைத்தது என்பதன் வரலாறுமாம் என்பது புலனாகும்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். மனிதருக்குக் குளிராகத் தோன்றுவது பண்டத்துக்குக் குளிரன்று. பத்துப் பாகை வெப்பநிலையிலே மனிதர் நடுங்குவர். ஆயின் இறைச்சியையும் மீனையும் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அந்நிலையிலும் பெருகிக்கொண்டேயிருக்கும். அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி வைப்பதற்கு நீர் உறையும் நிலைக்கும் கீழே, வழக்கமாகச் சைபரிலும் 18 பாகை செல்சியஸ் குறைந்த நிலையிலே, பண்டத்தை இடையறாது வைத்திருத்தல் வேண்டும். எனவே பண்டத்தைக் காப்பது மலைக்குளிரன்று, கட்டுப்படுத்தப்பட்ட குளிரே. இக்குளிர் கிடைக்காத காலத்திலே தோட்ட மக்களின் உணவை உப்பும் வெயிலுமே காத்தன. லயன் வீடுகளிற் கருவாடும் நெத்தலியும் பெற்ற இடம் சுவையினால் மட்டும் வந்ததன்று. கடல் காணாத மலையிலே கெடாமல் வந்து சேரக்கூடிய மீன் அதுவே.

கட்டுப்படுத்தப்பட்ட குளிர் முதலிற் கப்பலேறி விற்பனைக்கு வந்தது. அமெரிக்க வணிகரான பிரெடரிக் டியூடர், நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளிற் பொதிந்து 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையிலே 1842இல் அவருடைய பனிக்கட்டிக் களஞ்சியம் எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம் அதுவேயாகும். இலங்கையிற் கொழும்புப் பனிக்கட்டிக் கம்பனி 1866இல் தோன்றியது. பிற்காலத்திற் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் தொடக்கம் இதுவாகும். ஏரியில் அறுத்த பனிக்கட்டியை நம்பியிருந்த நிலை மாறிப் பொறியினாற் செய்த பனிக்கட்டி இத்தீவிலே புழக்கத்துக்கு வந்தது. எனினும் அதனை வாங்கியோர் பெரும்பாலும் நகரத்துச் செல்வரும் ஐரோப்பியருமே.

மலைநாட்டுக்கும் கடற்கரைக்குமிடையே இருந்த தொலைவைக் குறுக்கியது புகையிரதம். 1867இற் கண்டியையும் 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் ஹற்றனையும் அடைந்த பாதை, 1885இல் நானுஓயாவை வந்தடைந்தது. 1893இல் அப்புத்தளை வரை நீளும்வரை நானுஓயாவே அப்பாதையின் முடிவிடமாயிருந்தது. அங்கிருந்து நுவரெலியாவுக்கு 1903இல் அமைக்கப்பட்ட ஒடுங்கிய பாதை அடுத்த ஆண்டில் இராகலை வரை சென்றது. அப்பாதை 1940களிற் கைவிடப்பட்டது. தேயிலையும் மலைக்காய்கறியும் கீழிறங்க, அரிசியும் துணியும் மேலேறின. இவ்வாறு பண்டம் மாறும் சந்தியாக நானுஓயா வளர்ந்தது.

பனிக்கட்டி உருகும் பண்டமாதலால் அதனை மலைமேல் ஏற்றுவதினும், குளிரை அவ்விடத்திலேயே உண்டாக்குதல் சிறப்பு. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்தின் வரலாற்றில் நானுஓயாவுக்குத் தனி இடமுண்டு. பொறியியலாளர் டீ. ஜே. விமலசுரேந்திர, நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூல் என்னுமிடத்திலே சிறு நீர்மின் நிலையமொன்றை 1912ஆம் ஆண்டளவில் அமைத்தார். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவான ஏரியின் நீர் இந்நிலையத்துக்குப் பயன்பட்டது. 1918இல் அவர் நீர்வலுவைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்தினார். அவர் கண்ட பெருந்திட்டம் 1950இல் லக்ஸபானவில் நிறைவேறியது. பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாக்கலையில் பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது.

தேயிலை மலைகளின் நீரும் நிலமும் இவ்வாறு நாட்டுக்கு ஒளி தந்தன. ஆயின் பிளக்பூலின் மின்சாரம் நுவரெலியா நகரத்துக்கென்றே பிறந்தது. தோட்டத்துத் தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் மின்விளக்கு எரிந்த காலத்திலும், பல லயன் அறைகளிலே மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு, மின்கம்பி கேட்டுக் குரலெழுப்பும் அரசியல் வலுவும் குன்றியிருந்தது. மின்சாரம் பிறந்த மலையிலேயே அது கடைசியாகச் சென்றடைந்த இடம் லயனாகும்.

மின்சாரம் வந்ததும் சிறுகடை உறைபெட்டி உடனே வந்துவிடவில்லை. தொடக்ககாலக் குளிரூட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு முதலிய நச்சு வாயுக்கள் பயன்பட்டன. கசிந்தால் உயிராபத்து விளையுமாதலால் அவை கடைக்குள் வைத்தற்கு உரியனவல்ல. 1928ஆம் ஆண்டளவில் தோமஸ் மிட்ஜ்லி முதலியோர் உருவாக்கிய குளோரோபுளோரோகாபன் சேர்வைகள் நஞ்சற்றனவாயும் தீப்பற்றாதனவாயும் இருந்தமையாற் சிறுபெட்டிகள் பரவின. அவை ஓசோன் படலத்தை அழிக்கும் என 1974இல் மொலினாவும் ரோலன்டும் எச்சரித்தனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவானது. இலங்கை 1989இல் அதில் இணைந்தது. இன்று புதிய சிறுபெட்டிகள் பலவற்றிற் புரொப்பேன் வாயு சிறிதளவில் அடைக்கப்படுகின்றது. அது ஓசோனுக்குத் தீங்கற்றது, ஆயின் தீப்பற்றுவது. தேநீர்க்கடையின் அடுப்புக்கு அருகே அதனை வைத்தலும், பயிற்சியற்றவர் அதன் குழாயைத் திறத்தலும் ஆபத்தாகும்.

உறைபெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே அள்ளிக்கொட்டுகின்றது. இத்தத்துவத்தை உணர்ந்தால் அதனைப் பேணும் முறை தானே விளங்கும். மலைப்பாதையின் வளைவுகளில் ஏற்றிவரும்போது பெட்டியை நிமிர்த்தியே கொண்டுவருதல் வேண்டும். சரிந்திருந்தால், அமுக்கியின் எண்ணெய் மீண்டும் கீழிறங்கும்வரை சில மணிநேரம் நிறுத்திவைத்த பின்னரே மின்சாரம் கொடுத்தல் தகும். மேசைக்கடியில் இறுக்கிச் செருகாது காற்றோட்டத்துக்கு இடம்விடுதல் வேண்டும். நானுஓயாவின் உயரத்திலே காற்று கடற்கரையிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஆற்றலும் அதற்கேற்பக் குறையும். நிலத்தொடுப்புள்ள தனியான மின்செருகி இன்றியமையாதது.

குளிர்நாட்டுக்கே உரிய விந்தையொன்றும் உண்டு. குளிர்பகுதியும் உறைபகுதியும் இணைந்து ஒரே வெப்பக் கட்டுப்பாட்டினால் இயங்கும் பெட்டியிலே, அறை மிகக் குளிர்ந்தால் அமுக்கி இயங்காது ஓய்ந்திருக்கும். உறைபகுதியிலுள்ள பண்டம் இளகிவிடும். வெளியே குளிர் மிக, உள்ளே பனி உருகும்! ஆகையால் எவ்வெப்பநிலை கொண்ட அறைக்கு ஏற்றது என்பதைப் பெட்டியின் தகட்டிலே பார்த்து வாங்குதல் அறிவுடைமை. ஈரம் மிகுந்த மலைக்காற்று கதவின் றப்பர் விளிம்பு வழியே நுழைந்து உட்சுவரிற் பனியாகப் படியும். அதனைக் கத்தியாற் சுரண்டினாற் குழாய் துளைபடும். மின்சாரத்தை நிறுத்தி உருகவிடுதலே முறை. தூசு படிந்த வெப்பச் சுருளைத் தூரிகையாற் காலந்தோறும் துடைத்தலும், சூடான பண்டத்தை ஆறவிட்டு வைத்தலும் அவசியம்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இப்பெட்டியைப் பெருஞ்சோதனைக்கு உள்ளாக்கியது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. நிரம்பிய பெட்டி மூடியே இருந்தால் அரைகுறைப் பெட்டியிலும் நெடுநேரம் தாங்கும். அடிக்கடி திறந்தால் எப்பெட்டியும் தாங்காது. முற்றாக இளகிச் சூடேறிய இறைச்சியை மின்சாரம் வந்தபின் மீண்டும் உறையவைத்தால் அது பார்வைக்குப் புதியதாகத் தோன்றலாம். ஆயின் உறைநிலை நுண்ணுயிரைக் கொல்வதில்லை, உறங்கச் செய்வது மட்டுமே. பெருகியவை பெருகியவாறே பண்டத்தில் நிற்கும்.

இங்கேதான் சிறுகடைக்காரரின் பொறுப்பு ஒரு சமூகப் பொறுப்பாகின்றது. லயனிலே தமக்கென உறைபெட்டி இல்லாத பல குடும்பங்களுக்குக் கடையிலுள்ள பெட்டியே பொதுப் பெட்டி. சம்பள நாளிலே தாயொருத்தி வாங்கிச்செல்லும் அரைக்கிலோக் கோழியிறைச்சி இடையில் இளகியதா என்பதை அவள் அறிய வழியில்லை, கடைக்காரரே அறிவார். இளகிக் கெட்டதை நட்டமெனக் கருதாது எறிந்துவிடும் நேர்மையும், கதவிலே ஒரு வெப்பமானியை மாட்டி நாள்தோறும் பார்க்கும் வழக்கமும் அத்தாயின் பிள்ளைகளைக் காக்கும். நுவரெலியா நகரத்துக்கென நானுஓயாவின் அருகே மின்சாரம் பிறந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. அதன் பயன் லயனின் சமையலறை வரை பழுதின்றிச் சென்று சேரும் கடைசிச் சில அடித் தூரம் இன்று கடைக்காரரின் கையிலேயே இருக்கின்றது.