படியெடுத்து உருவப்படம் கற்றல்

தேர்ந்த ஓவியரின் மூலப்படைப்பைப் பார்த்து அப்படியே மீண்டும் தீட்டி, எண்ணெய் வண்ண உருவப்பட நுட்பத்தைக் கற்கும் முறை. பரோக் காலத்து ஓவியர்களுள் இதற்குப் பெரிதும் நாடப்பட்ட ஒருவர் ஸ்பெயினின் வெலாஸ்கெஸ் (1599–1660). பாரிஸில் கரோலஸ்-டுரானிடம் பயின்ற அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட், 1879இல் மத்ரித் சென்று பிராடோ அருங்காட்சியகத்தில் வெலாஸ்கெஸின் படங்களைப் படியெடுத்தார். மறு ஆண்டு ஹார்லெமில் டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸின் படங்களையும் படியெடுத்தார்.

முதலில் கித்தானுக்குப் பழுப்புச் சாயலில் அடிவண்ணம் பூச வேண்டும். அதன்மேல் நிழற்பகுதிகளை மெல்லியதாகவும் ஒளிபடும் நெற்றி, மூக்கு, கன்ன எலும்பு ஆகியவற்றைத் தடித்த வண்ணத்திலும் தீட்டுவர். மேல்பூச்சில் எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருப்பது அவசியம். இல்லையேல் நாளடைவில் வெடிப்பு விழும். வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு என்ற சில நிறங்களே முகத்தின் பெரும்பகுதிக்குப் போதும்.

கடினமானது, விளிம்புகளைத் தீட்டுவது. வெலாஸ்கெஸின் 'லாஸ் மெனினாஸ்' (1656) ஓவியத்தில் இளவரசியின் உடையை நெருங்கிப் பார்த்தால் சிதறிய தீற்றல்களே தெரியும். பின்வாங்கினால் பட்டுத்துணி மின்னும். அச்சுப்படம் இதைக் காட்டாது. அதனால்தான் மூலத்தின் எதிரில் நின்று தீட்டுவதற்கு ஈடில்லை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகம் இன்றும் படியெடுக்க அனுமதிக்கிறது. ஆனால் படி, மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது. படியெடுப்பது மாணவருக்கு மட்டும் உரியதன்று. பரோக் மேதையான ரூபென்ஸே 1628இல் மத்ரித் அரண்மனையில் டிஷியனின் ஓவியங்களைப் படியெடுத்தவர்தான்.