சினை பிடிக்காத கிடேரியும் இரண்டாவது ஹார்மோனும்

கருப்பை இல்லாமல் போன ஒரு பசுவின் வழக்கு இது. மனிதக் கருவில் சிறுநீரகமும் இனப்பெருக்க உறுப்புகளும் உருவாகும் விதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஆண் கருவில் கருப்பை வளராமல் தடுக்கத் தனியாக ஒரு ஹார்மோன் இருக்கிறது என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. அதை முதலில் சந்தேகித்தவர் யார், எந்தச் சான்றைக் கொண்டு சந்தேகித்தார் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். பாரிஸில் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் 1947-ல் வெளியிட்ட முயல் ஆய்வுகளிலிருந்து பின்னோக்கி நடக்கத் தொடங்கினேன். தடம் சிகாகோ வழியாகப் போய் 1779-ஆம் ஆண்டு லண்டனில் முடிந்தது.

அந்த ஆண்டு ராயல் சொசைட்டியின் இதழில் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 'ஃப்ரீமார்ட்டின்' பற்றி எழுதியிருக்கிறார். பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையாகவும் மற்றது கிடேரியாகவும் இருந்தால், அந்தக் கிடேரி பெரும்பாலும் சினை பிடிக்காது. இதைக் கண்டுபிடித்தவர் ஹண்டர் அல்ல. இங்கிலாந்து விவசாயிகள் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். ஹண்டர் அவர்கள் பேச்சை நம்பி, மூன்று மாடுகளை அறுத்துப் பார்த்தார். வெளியே பார்த்தால் பசு. உள்ளே பெண்ணுறுப்புகள் குறைப்பட்டுக் கிடந்தன. காளைக்குரிய விந்துப்பையை ஒத்த உறுப்புகளும் தென்பட்டன. காரணத்தை அவரால் சொல்ல முடியவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார்.

அவருடைய கையெழுத்துக் குறிப்புகளில் இன்னும் ஏதாவது இருக்குமா என்று தேடினால், அந்தக் கதவு 1823-லேயே மூடிவிட்டது. ஹண்டரின் மைத்துனர் எவரார்ட் ஹோம் அவற்றைத் தீயிட்டு எரித்துவிட்டார். உதவியாளராக இருந்த வில்லியம் கிளிஃப்ட் முன்கூட்டியே படியெடுத்து வைத்த பகுதிகள்தான் தப்பின. ஹண்டர் சேகரித்த உடற்கூற்று மாதிரிகளில் பெரும்பகுதி 1941 மே மாதக் குண்டுவீச்சில் அழிந்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருமுறை எரிந்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நல்லவேளை, அச்சேறிய கட்டுரை பிழைத்தது.

ஹண்டர் பார்த்ததைப் புரிந்துகொள்ளக் கருவின் உள்ளே போக வேண்டும். மனிதக் கருவின் நான்காவது வாரத்தில் முதுகின் இருபுறமும் ஒரு நாளம் கீழ்நோக்கி வளர்கிறது. கோழிக்குஞ்சின் கருவை ஆராய்ந்து 1759-ல் நூல் எழுதிய காஸ்பர் ஃபிரெடரிக் வுல்ஃபின் பெயரால் அது வுல்ஃப் நாளம் எனப்படுகிறது. அப்போதைக்கு இயங்கும் தற்காலிகச் சிறுநீரகத்தின் வடிகால் அது. ஐந்தாவது வாரத்தில் அதன் அடிப்பகுதியிலிருந்து ஒரு மொட்டு கிளம்புகிறது. நம் வாழ்நாள் முழுவதும் உழைக்கப்போகும் சிறுநீரகம் இந்த மொட்டும் அதைச் சூழ்ந்த திசுவும் சேர்ந்து உருவாவதுதான். ஆறாவது வாரத்தில் வுல்ஃப் நாளத்தை ஒட்டியே இன்னொன்று வளர்கிறது. ஜோஹன்னஸ் முல்லர் 1830-ல் விவரித்த நாளம் அது. வுல்ஃப் நாளத்தைப் பற்றிக்கொண்டுதான் அது கீழே இறங்குகிறது. ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லாமல் பிறக்கும் பெண்களில் பலருக்குக் கருப்பையிலும் குறைபாடு காணப்படுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆக, ஏழாவது வாரம் வரை ஆண் கருவிலும் பெண் கருவிலும் இரண்டு ஜோடி நாளங்களும் உண்டு. பெண்ணில் முல்லர் நாளங்கள் கருக்குழாய்களாகின்றன. கீழே ஒன்றுசேர்ந்து கருப்பையாகின்றன. ஆணில் அவை கரைய, வுல்ஃப் நாளம் விந்துநாளமாகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கரைப்பது என்று யார் சொல்கிறார்கள்?

1916-ல் சிகாகோவில் ஃபிராங்க் லில்லி ஒரு விடை தந்தார். அந்நகர இறைச்சிக்கூடங்களிலிருந்து இரட்டைக் கன்றுக் கருக்களைப் பெற்று ஆராய்ந்த அவர், இரண்டு கருக்களின் சூழ்சவ்வுகளிலும் ஓடும் இரத்தக்குழாய்கள் இணைந்திருப்பதைக் கண்டார். காளைக் கருவின் விரை சுரக்கும் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து கிடேரியின் உறுப்புகளை மாற்றுகிறது என்றார். வியன்னாவில் ஜூலியஸ் டான்ட்லரும் கார்ல் கெல்லரும் ஏறக்குறைய இதே முடிவுக்குத் தனியாக வந்திருந்தார்கள். பின்னாளில் அந்நகரின் ஏழைக் குழந்தைகள் நலனுக்காக உழைத்துப் பெயர்பெற்ற அதே டான்ட்லர்தான்.

1935-ல் டெஸ்டோஸ்டிரோன் செயற்கையாகத் தயாரானதும் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றியது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் பெண் கருவின் வெளியுறுப்பை ஆண்தன்மைக்கு மாற்றும். முல்லர் நாளத்தைத் தொடாது. ஹண்டரின் மாடுகளில் நிலைமை நேர்மாறாக இருந்தது. வெளியே பசு, உள்ளே கருப்பைக்குக் கேடு. இதைத்தான் நான் பெரிய தடயமாகக் கருதுகிறேன். குற்றவாளி வேறொருவர் என்பதற்கான சான்று 168 ஆண்டுகளாக அச்சில் கிடந்தது.

ஜோஸ்ட் தாய்முயலின் வயிற்றைத் திறந்து, இன்னும் பிறக்காத கருவின் விரைகளை நீக்கி, மீண்டும் தைத்து வளரவிட்டார். அப்படி வளர்ந்த ஆண் கருக்களிலும் கருப்பை உருவானது. வுல்ஃப் நாளம் கரைந்தது. அடுத்து, விரை நீக்கிய கருவில் டெஸ்டோஸ்டிரோன் படிகம் ஒன்றை வைத்தார். வுல்ஃப் நாளம் பிழைத்தது. முல்லர் நாளமும் பிழைத்தது. பெண் கருவின் சூலகத்தின் அருகே ஒரு விரைத் துண்டைப் பதித்தபோதோ, அந்தப் பக்கத்து முல்லர் நாளம் கரைந்தது. விரையிலிருந்து இரண்டு வெவ்வேறு ஆணைகள் போகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறையை நான் படித்ததில்லை.

இரண்டாவது பொருளைக் கையில் பிடிக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஜோஸ்டின் வழியில் வந்த நத்தாலி ஜோஸோவும் ஜான்-ஈவ் பிக்காரும் அதைத் தூய்மைப்படுத்தியது எதிலிருந்து என்று பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். கன்றுகளின் விரையிலிருந்து! 1984-ல் ஜோஸோவின் குழுவினர் ஃப்ரீமார்ட்டின் கருக்களின் இரத்தத்திலேயே அந்த ஹார்மோனைக் கண்டார்கள். ஹண்டர் எழுதாமல் விட்ட காரணம் அன்று கிடைத்தது. 1986-ல் மாட்டின் மரபணு பிரிக்கப்பட்டது. அதை வைத்தே மனித மரபணுவும் கண்டெடுக்கப்பட்டது.

இன்று நம் ஊர்க் கருத்தரிப்பு மையங்களில் பெண்களுக்கு எழுதித்தரும் ஏஎம்எச் பரிசோதனை அளப்பது இதே ஹார்மோனைத்தான். பெண் கருவின் ஆரம்ப வாரங்களில் சுரக்காத அது, பிற்காலத்தில் சூலகத்தின் சிறு நுண்ணறைகளில் சுரக்கிறது. அதன் அளவைக் கொண்டு கருமுட்டை இருப்பை மதிப்பிடுகிறார்கள். குடலிறக்க அறுவையின்போது சில ஆண்களின் உள்ளே கருப்பையும் கருக்குழாயும் இருப்பதை மருத்துவர்கள் எதிர்பாராமல் காண்பதுண்டு. அவர்களில் சிலரிடம் பழுதுபட்டிருப்பது இந்த ஹார்மோனின் மரபணு. வேறு சிலரிடம் ஹார்மோன் சரியாகவே சுரக்கிறது, அதை ஏற்கும் புரதத்தில்தான் கோளாறு.