புற்றுநோய் மருத்துவர் பயிற்சி: இந்தியா

மருந்து தருபவர், அறுவை செய்பவர், கதிர்வீச்சு தருபவர் என மூன்று வகை நிபுணர்களையும் மக்கள் ‘கேன்சர் டாக்டர்’ என்றே அழைக்கிறார்கள். மூவரும் படித்து வரும் வழி வேறுவேறு.

நான்கரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் எல்லாருக்கும் பொது. பிறகு முதுநிலை நீட் எழுதி மூன்றாண்டு முதுநிலைப் படிப்பில் சேர வேண்டும். வழி பிரிவது இந்தக் கட்டத்தில்தான். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவற்றில் எம்.டி. முடித்தவர்கள் டி.எம். மருத்துவப் புற்றுநோயியலுக்குப் போகலாம். எம்.சிஎச். அறுவைப் புற்றுநோயியலுக்குப் பொது அறுவை, காது-மூக்கு-தொண்டை, எலும்பு, மகப்பேறு ஆகிய பிரிவினர் தகுதி பெறுகிறார்கள். இரண்டுக்கும் நீட் எஸ்.எஸ். என்ற இன்னொரு நுழைவுத்தேர்வு உண்டு. படிப்பு மேலும் மூன்று ஆண்டு. தடையின்றிப் படித்தாலே பதினொன்றரை ஆண்டு ஆகிவிடும். கதிர்வீச்சு நிபுணருக்கோ எம்.டி.யே போதும் என்பதால் எட்டரை ஆண்டில் முடிகிறது. தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் டி.என்.பி., டிஆர்.என்.பி. பட்டங்கள் இவற்றுக்குச் சமமானவை.

டி.எம். மாணவரின் காலம் பெரும்பாலும் வார்டில் கழிகிறது. இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜை எடுப்பதும், உடற்பரப்பைக் கணக்கிட்டு மருந்தளவு எழுதுவதும் அன்றாட வேலை. கீமோ பெற்றவருக்கு வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் காய்ச்சல் வந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்கியாக வேண்டும். வின்கிறிஸ்டின் சிரை வழியே மட்டும் போக வேண்டிய மருந்து; தவறி முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் உயிரே போய்விடும். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், ஒருவர் வாழ்நாளில் அதுவரை பெற்ற மொத்த அளவைக் கூட்டிப் பார்த்தே அடுத்த தவணை. கதிர்வீச்சு மாணவர் சி.டி. படங்களில் ஒவ்வொரு குறுக்குவெட்டாகக் கட்டியின் எல்லையை வரைவார். தப்பவைக்க வேண்டிய தண்டுவடத்தையும் அதே கவனத்தோடு வரைந்தாக வேண்டும். ஆய்வேடும், எழுத்து, செய்முறை, வாய்மொழித் தேர்வுகளும் உண்டென்றாலும், மருத்துவரின் தரம் தெரிவது வார்டில்தான்.

இந்த உயர்சிறப்புப் படிப்புகள் நாட்டிலேயே முதலில் தொடங்கியது சென்னையில். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையம், 1984இல் தன் கல்லூரியில் டி.எம்., எம்.சிஎச். இரண்டையும் கொண்டுவந்தது. அந்த நிலையத்தை வளர்த்தெடுத்த வி. சாந்தா 1955இல் அங்கே சேர்ந்தபோது கையில் வைத்திருந்தது மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி.; புற்றுநோய்க்கெனத் தனிப்பட்டம் எதுவும் அப்போது இங்கு இல்லை.

பிற நாடுகளில் பிரிவினை இப்படியே இல்லை. பிரிட்டனில் ‘கிளினிக்கல் ஆன்காலஜிஸ்ட்’ கதிர்வீச்சு, மருந்து இரண்டையும் தருவார். அமெரிக்காவில் மூன்றாண்டு பொது மருத்துவப் பயிற்சிக்குப்பின் இரத்தவியலையும் புற்றுநோயியலையும் சேர்த்து மூன்றாண்டில் படிப்பது பரவலான வழக்கம்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு ஒன்று உண்டு. அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் 50 விழுக்காட்டைப் பணியில் இருப்போருக்கு ஒதுக்கிய மாநில அரசின் ஏற்பாட்டுக்கு, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.