வெந்நீர் ஊற்றில் குடியேறிய மீன்கள்

கனடா நாட்டின் மேற்கே, ராக்கி மலைத்தொடரில் பான்ஃப் என்னும் ஊர் உள்ளது. நெடுங்காலம் பனி மூடிக் கிடக்கும் அவ்வூரின் அருகே, சல்பர் மலையின் அடிவாரத்தில், கந்தக நெடி வீசும் வெந்நீர் ஊற்றுகள் சுரக்கின்றன. 1883-ஆம் ஆண்டில் ரயில் பாதை வேலைக்கு வந்த தொழிலாளர் மூவர் இவற்றைக் 'கண்டுபிடித்தனர்' என்பது வழக்கு. அவ்வட்டாரத்துப் பழங்குடி மக்களோ முன்பே அறிந்திருந்தனர். 1885-இல் அரசாங்கம் ஊற்றுகளைச் சுற்றிய நிலத்தை ஒதுக்கிக் காத்தது. கனடாவின் முதல் தேசியப் பூங்கா இதிலிருந்தே வளர்ந்தது.

ஊற்று நீர் வழிந்து, கீழே வெதுவெதுப்பான சதுப்பு நிலமும் குட்டைகளும் உண்டாகியிருந்தன. அவற்றில் ஒரு சிறு மீன் வாழ்ந்தது. 1916-இல் அறிஞர்கள் அதைத் தனி உள்ளினம் எனக் கண்டு பெயரிட்டனர். உலகில் வேறெங்கும் அது இல்லை.

1924-இல் கொசுத் தொல்லையைத் தணிக்கக் கம்பூசியா என்னும் கொசு மீனை அந்நீரில் விட்டனர். நோக்கம் நல்லதே. ஆனால் கம்பூசியா கொசுப் புழுவை மட்டும் தின்பதன்று. பிற மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் விட்டுவைப்பதில்லை. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனுவதால் விரைவில் பெருகியும் விடுகிறது. பின்னர், 1960-களில், கண்ணாடித் தொட்டியில் வளர்த்த வெப்பநாட்டு மீன்களைச் சிலர் அங்கே கொண்டுவந்து விட்டனர். கொல்ல மனம் வராத இரக்கமே காரணமாக இருந்திருக்கலாம் என நாம் எண்ணுகிறோம். பனி நாட்டில் அம்மீன்கள் பிழைக்கத்தக்க நீர் வேறு எங்கே உண்டு?

வந்தவை தழைத்தன, இருந்தது தேய்ந்தது. அருகிலுள்ள போ ஆற்று மீன்களோடு கலந்ததும், கழிவுநீர் சேர்ந்ததும் கேட்டை மிகுவித்தன என்பர். பழியை வந்தேறி மீன்களின் மீதே முழுதும் சுமத்துவது முறையன்று. எனினும், 1987-இல் அச்சிறு மீன் அற்றுப்போனதென அறிவிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பூங்காவின் நடுவிலேயே இது நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே கம்பூசியா 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கும் வந்தது. மலேரியா பல உயிர்களைக் கொண்ட நாட்டில் அதன் தேவையை நாம் எளிதில் மறுக்க இயலாது. சுற்றுச்சுவர் எழுப்பிய கிணற்றில் விட்ட மீன் கிணற்றோடு நிற்கும். மழைக்காலத்தில் குளம் நிரம்பி ஓடையில் வழியுமானால் நிலைமை வேறு. பான்ஃபில் ஊற்றை விட்டு வெளியேறும் வெப்பநாட்டு மீனைப் போ ஆற்றின் குளிர் தடுத்து நிறுத்துகிறது. நம் சமவெளி ஆறுகளில் அத்தகைய குளிர் இல்லை.